ஆய்வுக்கூடத்தின் சாவி யார் கையில்?

ஸ்டாவுடின் என்று ஒரு மாத்திரை இருந்தது. எச்ஐவி தொற்றோடு வாழ்கிறவர்கள் மத்தியில் வேலை செய்த எவருக்கும் அந்தப் பெயர் தெரியும். நான் சமூகப் பணிக்கு வந்த காலத்தில் அரசு மையங்கள் அதைக் கைவிட்டுக்கொண்டிருந்தன. ஆனால் அதைப் பல வருடம் சாப்பிட்டவர்களை நான் தினமும் பார்த்தேன். கன்னத்துச் சதை வற்றி முகம் ஒட்டிப்போயிருக்கும். பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது என்பார்கள். சேரியிலிருந்து வருகிற பெண்ணுக்கு ஊர் ஏற்கெனவே ஒரு முத்திரை குத்தியிருக்கும். அந்த ஒட்டிய முகம் இரண்டாவது முத்திரையையும் வாங்கிக் கொடுத்தது. இருந்தும் அவர்களில் பலர், அந்த மாத்திரை வந்திருக்காவிட்டால் பிள்ளைகளை ஆளாக்க உயிரோடு இருந்திருக்க மாட்டோம் என்றுதான் சொல்வார்கள்.

இரண்டுமே உண்மை. பக்கவிளைவு கடுமையான மருந்து. அதே நேரம் உயிரைக் காப்பாற்றிய மருந்து. உலக சுகாதார நிறுவனம் 2009-ல்தான் அதைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னது. அதுவரை ஏழை நாடுகளின் நோயாளிகளுக்குக் கைக்கு எட்டிய மருந்துகளில் முக்கியமானது அதுதான். கைக்கு எட்டியது எப்படி என்று தேடிப் போனால், கதை அமெரிக்காவின் ஒரு பல்கலைக்கழகத்தில் போய் நிற்கிறது. மாணவர்களும் இளம் தோழர்களும் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வேதிப்பொருளை முதலில் உருவாக்கியவர் ஜெரோம் ஹோர்விட்ஸ். 1960-களில் டெட்ராய்ட் நகரில், புற்றுநோய்க்கு மருந்து தேடிக்கொண்டிருந்தபோது உருவாக்கினார். புற்றுநோய்க்கு அது உதவவில்லை. காப்புரிமை எதுவும் வாங்காமல் விட்டுவிட்டார். இருபது வருடம் கழித்து, யேல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் புரூசாஃப், டாய்-ஷுன் லின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதே பொருள் எச்ஐவி கிருமியைத் தடுக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்த ஆய்வுக்கு அமெரிக்க அரசின் பணம் இருந்தது, அதாவது மக்களின் வரிப்பணம். காப்புரிமையோ யேல் பெயரில் பதிவானது. 1988-ல் யேல் அதை பிரிஸ்டல்-மையர்ஸ் என்ற மருந்துக் கம்பெனிக்குத் தனி உரிமமாகக் கொடுத்தது. 1994-ல் மருந்து சந்தைக்கு வந்தது. 1999-ல் மட்டும் இந்த ஒரு மருந்திலிருந்து யேலுக்குக் கிடைத்த ராயல்டி சுமார் 4 கோடி டாலர். காப்புரிமைகள் மூலம் அந்தப் பல்கலைக்கழகம் சம்பாதித்ததில் பெரும்பகுதி இதுதான்.

இங்கே 'தனி உரிமம்' என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். காப்புரிமை வைத்திருப்பவர் அதைப் பல கம்பெனிகளுக்கும் கொடுக்கலாம், ஒரே கம்பெனிக்கும் கொடுக்கலாம். பலருக்குக் கொடுத்தால் அவர்களுக்குள் போட்டி வரும், விலை இறங்கும். ஒருவருக்கே கொடுத்தால் அவர் வைத்ததுதான் விலை. பொதுப்பணத்தில் பிறந்த அறிவு ஒரே ஒரு கம்பெனியின் கைக்குப் போகிற கதவு இந்த ஒரு கையெழுத்துதான். அது நடப்பது ஆய்வுக்கூடத்தில் கூட இல்லை. 'தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகம்' என்று போர்டு மாட்டிய ஓர் அறையில்.

அமெரிக்காவில் இதற்கு வழி திறந்த சட்டம் 1980 டிசம்பர் 12 அன்று கையெழுத்தானது. பிர்ச் பே, பாப் டோல் என்ற இரண்டு செனட்டர்களின் பெயரால் அதை பே-டோல் சட்டம் என்பார்கள். அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வின் காப்புரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ளலாம், விருப்பப்பட்ட கம்பெனிக்கு உரிமம் தரலாம் என்றது அது. அதற்கு முன்பு அரசின் கையிலிருந்த காப்புரிமைகள் பெரும்பாலும் பயன்படாமல் தூங்கின, அதனால்தான் இந்தச் சட்டம் தேவைப்பட்டது என்று ஆதரிப்பவர்கள் சொல்வார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மக்களைப் பாதுகாக்க ஒரு பிரிவும் சட்டத்தில் உண்டு. கண்டுபிடிப்பு மக்களுக்கு நியாயமாகப் போய்ச் சேரவில்லை என்றால் அரசே தலையிட்டு வேறு கம்பெனிக்கு உரிமம் தரலாம். மருந்து விலையைக் குறைப்பதற்காக இந்த அதிகாரம் ஒரு முறைகூடப் பயன்படுத்தப்படவில்லை. கேட்டுப் போன மனுக்கள் எல்லாம் தள்ளுபடி ஆயின. காகிதத்தில் இருக்கும் உரிமைக்கும் கைக்கு வரும் உரிமைக்கும் உள்ள தூரத்தை நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இப்போது 2001-க்கு வருவோம். தென்னாப்பிரிக்காவில் எச்ஐவியால் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மருந்துகள் சேர்ந்த சிகிச்சைக்கு ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் செலவு. மலிவு மருந்துக்கு வழி செய்த அந்த நாட்டுச் சட்டத்தை எதிர்த்து 39 மருந்துக் கம்பெனிகள் பிரிட்டோரியா நீதிமன்றத்தில் வழக்கு நடத்திக்கொண்டிருந்தன. ஜாக்கி அக்மத் என்ற போராளி, ஏழைகளுக்கு அரசு மருத்துவமனையில் மருந்து கிடைக்கும் வரை தானும் மருந்து சாப்பிட மாட்டேன் என்று அறிவித்திருந்தார். அந்த பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா கம்பெனி ஸ்டாவுடின் அடங்கிய மும்மருந்துச் சிகிச்சையை, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஒருவருக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாகச் சொன்னது.

சிப்லாவால் இதை எப்படிச் செய்ய முடிந்தது? 1970-ல் இந்தியா இயற்றிய காப்புரிமைச் சட்டத்தால். மருந்துப் பொருளுக்கே காப்புரிமை கிடையாது, தயாரிக்கும் முறைக்குத்தான் உண்டு என்றது அந்தச் சட்டம். வேறு முறையில் தயாரிக்கத் தெரிந்தால் தயாரிக்கலாம். உலக வர்த்தக ஒப்பந்தத்தின்படி 2005 ஜனவரி 1 முதல் அந்தக் கதவு அடைக்கப்பட்டது. அதற்குமுன் தயாரான மருந்துகள்தான் பல லட்சம் உயிர்களைத் தாங்கின.

மருந்து இந்தியாவில் தயார், நோயாளி தென்னாப்பிரிக்காவில் தயார். நடுவில் நின்றது யேலின் காப்புரிமை. மலிவு மருந்தை இறக்க அனுமதியுங்கள் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் யேலுக்குக் கடிதம் எழுதினார்கள். தனி உரிமத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டோம், இதற்குப் பதில் சொல்ல வேண்டியது அவர்கள்தான் என்று பல்கலைக்கழகம் கையை விரித்தது.

அப்போது எழுந்தவர்கள் மாணவர்கள். ஏமி கப்சின்ஸ்கி அப்போது அங்கே முதலாண்டு சட்ட மாணவி. மாணவர்களும் ஆய்வு மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து மனு எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அவர்களுடைய கேள்வி எளிமையானது: மனிதகுலத்துக்காக அறிவைத் தேடுகிறோம் என்று சொல்லும் பல்கலைக்கழகம், தன் பெயரில் உள்ள காப்புரிமையால் மனிதர்கள் சாகும்போது பார்த்துக்கொண்டிருக்கலாமா? மருந்தைக் கண்டுபிடித்த புரூசாஃப்பே மாணவர்கள் பக்கம் நின்றார். அந்த ராயல்டியில் அவருக்கும் பங்கு உண்டு. இருந்தும் மருந்து ஏழைகளுக்குப் போக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். செய்தி பத்திரிகைகளில் வந்தது. பல்கலைக்கழகம் கம்பெனியோடு பேசியது. 2001 மார்ச் 14 அன்று, தென்னாப்பிரிக்காவில் இந்தக் காப்புரிமையை வலியுறுத்த மாட்டோம் என்று பிரிஸ்டல்-மையர்ஸ் அறிவித்தது; விலையையும் வெகுவாகக் குறைத்தது. அடுத்த மாதம் 39 கம்பெனிகளும் பிரிட்டோரியா வழக்கை வாபஸ் வாங்கின.

கடிதம் போனதிலிருந்து கம்பெனியின் அறிவிப்பு வரை ஒரு மாதம். ஜோகன்னஸ்பர்க் தெருவில் நடந்த போராட்டம், மும்பையில் தயாரான மாத்திரை, ஒரு பணக்காரப் பல்கலைக்கழக வளாகத்தில் வாங்கிய கையெழுத்து ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அதைச் சாதித்தன. இதில் எந்த ஒன்றையும் தனியே எடுத்துக் கொண்டாட முடியாது. அந்த மாணவர்கள் அதோடு கலைந்துவிடவும் இல்லை. அத்தியாவசிய மருந்துகளுக்கான பல்கலைக்கழகங்களின் கூட்டணி என்று அமைப்பாகத் திரண்டு, உரிமம் எழுதும்போதே ஏழை நாடுகளுக்கு விலக்கு எழுதுங்கள் என்று பல்கலைக்கழகங்களை இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தியாவில் 2004 ஏப்ரல் 1 அன்று அரசின் இலவச கூட்டு மருந்துத் திட்டம் ஆரம்பமானது. முதல் மையங்களில் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. ஸ்டாவுடின் அங்கே முதல் வரிசை மருந்து. நான் மேலே சொன்ன பெண்கள் வாங்கிச் சாப்பிட்டது அதைத்தான். அவர்களுக்கு யேல் என்ற பெயர் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் படித்து வெளியே வந்திருக்கும் நமக்குத் தெரிய வேண்டும்.

"வியாபாரமே கூடாது என்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்ததை மாத்திரையாக்க, இயந்திரமாக்க, யாரோ பணம் போட்டுத்தான் ஆக வேண்டும். பணம் சம்பாதிப்பதிலும் வித்தியாசமான வழிகள் உண்டு. மரபணுவை வெட்டி ஒட்டும் முறையைக் கண்டுபிடித்த ஸ்டான்லி கோஹன், ஹெர்பர்ட் பாயர் இருவரின் காப்புரிமையை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் கையாண்டது. பே-டோல் சட்டம் வந்த அதே டிசம்பர் மாதம்தான் அந்தக் காப்புரிமையும் கிடைத்தது. ஒரே கம்பெனிக்குப் பூட்டிக் கொடுக்காமல், கேட்ட எல்லோருக்கும் உரிமம் கொடுத்தார்கள். 468 கம்பெனிகள் வாங்கின. 1997-ல் காப்புரிமை முடிவதற்குள் சுமார் 25.5 கோடி டாலர் வருமானம் வந்தது. கதவைத் திறந்து வைத்தும் சம்பாதிக்கலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எதிர்ப்பக்கத்துக்கும் சாட்சி உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ஓர் அரசுப் பல்கலைக்கழகம். அதன் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில், பொதுப்பணத்தின் உதவியோடு, என்சலூட்டமைட் என்ற புற்றுநோய் மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. பல்கலைக்கழகமும் ஆய்வாளர்களும் ஆய்வுக்குத் துணை நின்ற ஓர் அறக்கட்டளையும் தங்களுக்கு வர வேண்டிய ராயல்டி உரிமையை 2016-ல் 114 கோடி டாலருக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் இந்த மருந்துக்குக் காப்புரிமை தர மறுத்தது. காசை வாங்கிப் பையில் போட்ட பிறகும் அந்தப் பல்கலைக்கழகம் சும்மா இருக்கவில்லை. டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்து வழக்குப் போட்டது. நம் ஊர்ப் புற்றுநோயாளிக்கு மலிவு மருந்து கிடைக்கக் கூடாது என்று வாதாட, கடல் தாண்டி ஓர் அரசுப் பல்கலைக்கழகம் வருகிறது. 'பொது' என்ற சொல் பெயர்ப்பலகையில் இருந்தால் மட்டும் போதாது.

இந்தியாவும் அதே பாதையில்தான் நடக்க ஆசைப்படுகிறது. 2008 டிசம்பரில் பே-டோல் சட்டத்தைப் பார்த்து எழுதிய ஒரு மசோதா மாநிலங்களவைக்கு வந்தது. எதிர்ப்பு எழுந்தது, பிறகு அது வாபஸ் பெறப்பட்டது. சட்டம் வராவிட்டாலும் பழக்கம் வந்துவிட்டது. பெரிய கல்வி நிறுவனங்களில் ஆய்வுப் பூங்கா, தொழில் வளர்ப்பு மையம், பேராசிரியர்கள் பங்கு வைத்திருக்கும் ஸ்டார்ட்அப் என்று எல்லாம் உண்டு. கோவிட் காலத்தையும் நினைத்துப் பாருங்கள். கோவாக்சின் தடுப்பூசி அரசின் ஐசிஎம்ஆரும் பாரத் பயோடெக்கும் சேர்ந்து உருவாக்கியது. 2021 ஏப்ரலில் கம்பெனி அறிவித்த விலை, மாநில அரசுகளுக்கு 600 ரூபாய், தனியார் மருத்துவமனைகளுக்கு 1,200 ரூபாய். ஐசிஎம்ஆருக்கு 5 சதவீத ராயல்டி என்பது பிறகு நாடாளுமன்றத்தில் வெளியே வந்தது. விலையைப் பற்றி அந்த ஒப்பந்தத்தில் அரசு என்ன கேட்டு வாங்கியது என்பதுதான் மக்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

இதில் நமக்கு, தலித் மக்களுக்கு, என்ன தனிக் கேள்வி இருக்கிறது?

முதலாவது, நம் உடல். 1986-ல் இந்தியாவில் எச்ஐவி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த அந்த ஆய்வு மகத்தானது. அதற்கு ரத்தம் கொடுத்தவர்கள் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த, பாலியல் தொழில் செய்த பெண்கள். அறிவியல் வளரும் இடத்தில் எல்லாம் இப்படி யாரோ ஏழைகளின் உடல் இருக்கிறது. அரசு மருத்துவமனை வரிசையில் அதிகம் நிற்கிறவர்கள் நாம் என்பதால், அதில் நம் உடலும் இருக்கிறது. ரத்தத்துக்கும் தரவுக்கும் நம்மைத் தேடி வருகிறவர்கள், விலை வைக்கும் மேசையில் நமக்கு நாற்காலி போடுவதில்லை.

இரண்டாவது, நம் பணம். மத்திய பட்ஜெட்டில் 10ஏ என்று ஓர் அறிக்கை உண்டு. பட்டியல் சாதியினர் நலனுக்கு எந்தத் துறை எவ்வளவு ஒதுக்கியது என்று அதில் இருக்கும். அறிவியல் தொழில்நுட்பத் துறை, உயிரித் தொழில்நுட்பத் துறை எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அதாவது நம் பெயரைச் சொல்லி ஆய்வுக்கும் பணம் போகிறது. அந்தப் பணத்தில் நடந்த ஆய்வு ஏதாவது காப்புரிமை ஆனதா? ஆனால், உரிமம் யாருக்குப் போனது? சிறப்புக் கூறுத் திட்ட நிதியைச் சாலைக்கும் மேம்பாலத்துக்கும் திருப்பினால் நாம் கேட்கிறோம். ஆய்வுக் கணக்கிலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, நம் மாணவர்கள். ஆய்வுப் படிப்புச் சேர்க்கையில் இடஒதுக்கீடு உண்டு. ஆசிரியர் பணிக்கு 2019-ல் தனிச் சட்டமே வந்தது. அதிலும் சில நிறுவனங்களுக்கு விலக்கு எழுதி வைத்தார்கள். ஆனால் ஆய்விலிருந்து கம்பெனி பிறக்கும்போது பங்கு யாருக்கு என்பதில் எந்த ஒதுக்கீடும் கிடையாது. அங்கே ஓடுவது பழக்கம், பரிச்சயம், வீட்டுப் பணம், மாமா மச்சான் தொடர்பு. அதாவது சாதி. அக்ரகாரத்துக் கிணற்றுக்கு நாம் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது, தண்ணீரைக் குழாய் போட்டு வேறு தெருவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்பது போலத்தான் இது. இந்தக் குறையைத் தீர்க்க 2020-ல் அம்பேத்கர் பெயரில் மத்திய அரசு ஒரு தொழில் வளர்ப்புத் திட்டம் அறிவித்தது. தமிழ்நாடும் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்குத் தனி நிதி வைத்தது. அவற்றை நம் பிள்ளைகள் பயன்படுத்தத்தான் வேண்டும். அதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் நம்மில் பத்துப் பேர் முதலாளி ஆனால் போதும் என்று அங்கேயே நின்றுவிட முடியாது. அண்ணல் 1947-ல் எழுதிய 'அரசுகளும் சிறுபான்மையினரும்' ஆவணத்தில், முக்கியத் தொழில்கள் அரசின் கையில் இருக்க வேண்டும் என்று கேட்டார். பொதுச் சொத்து தனியார் கைக்குப் போனால் முதலில் வெளியே தள்ளப்படுகிறவர்கள் நாம்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று அறிவும் ஒரு முக்கியத் தொழில்.

நம்பிக்கைக்கு ஒன்று சொல்கிறேன். கழிவுநீர்த் தொட்டியில் மனிதர் இறங்குவதை ஒழிக்க, சென்னை ஐஐடியில் ஹோமோசெப் என்ற இயந்திரத்தை உருவாக்கினார்கள். அதன் பின்னால் அங்கே பிறந்த ஒரு ஸ்டார்ட்அப்பும் இருக்கிறது. துப்புரவுப் பணியாளர் இயக்கமான சஃபாய் கர்மசாரி ஆந்தோலனும் சேர்ந்து வேலை செய்தது. 2022-ல் முதல் இரண்டு இயந்திரங்கள் எந்தக் கான்ட்ராக்டர் கைக்கும் போகவில்லை. இந்த வேலையில் கணவனை இழந்த பெண்கள் நடத்தும் சுய உதவிக் குழுக்களுக்குப் போயின. இரண்டு இயந்திரங்களால் சாவு நின்றுவிடாது. 2013-ன் சட்டம் இருந்தும் நிற்கவில்லை. 2023-ல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்த வேண்டி வந்தது. ஆனால் ஆய்வு வெளியே வரும்போது முதலில் யார் கையில் கொடுப்பது என்பது தலைவிதி இல்லை, ஒரு முடிவு என்று அது காட்டுகிறது. சரியான ஆட்கள் மேசையில் உட்கார்ந்தால் முடிவு மாறும். நாளைக்கு ஆயிரம் இயந்திரம் வரும்போதும் அதே பெண்கள் கையில் சாவி இருக்குமா, பழைய கான்ட்ராக்டரிடம் போய்விடுமா என்று கண்காணிக்க வேண்டியது நாம்.

படிக்கும் தோழர்களுக்குச் சில வேலைகள் சொல்கிறேன். உங்கள் நிறுவனத்தின் அறிவுசார் சொத்துக் கொள்கையை வாங்கிப் படியுங்கள். தனி உரிமம் எத்தனை கொடுத்தார்கள், யாருக்கு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வணிக ரகசியம் என்று பிரிவு 8(1)(டி)-ஐக் காட்டுவார்கள். பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்று அதே பிரிவு சொல்வதை நீங்கள் காட்டுங்கள். ஆய்வு மாணவராக இருந்தால், ஆய்வுக்கூடத்து நோட்டில் உங்கள் வேலையைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். உங்கள் கையால் நடந்த கண்டுபிடிப்பில் உங்கள் பெயர் கண்டுபிடிப்பாளராக ஏற வேண்டும். பொதுப்பணத்தில் நடந்த ஆய்வின் உரிமம் எழுதும்போது, அரசு மருத்துவமனைக்கும் உள்ளாட்சிக்கும் நியாய விலை என்ற வரி அதில் இருக்க வேண்டும் என்று மனு எழுதுங்கள்.

சீட்டுக்காகவும் விடுதிக்காகவும் உதவித்தொகைக்காகவும் நாம் நடத்தும் போராட்டம் எதுவும் இதனால் சின்னதாகிவிடாது. அந்தப் போராட்டங்களால் உள்ளே போனவர்கள்தான் இந்தக் கேள்வியைக் கேட்க முடியும். உள்ளே இருக்கிறவர்கள் கேளுங்கள். வெளியே இருக்கிற நாங்கள் துணைக்கு நிற்கிறோம்.

ஜெய்பீம்.